காலை வரை காத்திருந்தது என் தவறா?

கேள்வி: என் பூனைக்கு ஆறு வயது. வாய் நாற்றம் அதிகமாகி, ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்து மெல்லத் தொடங்கியதால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இரண்டு பற்களை எடுக்க வேண்டும், அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்றார். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டாமா என்று கேட்டேன். "சின்ன வயதுதானே, தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்திட்டேன். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரவு பதினொரு மணிக்கு மூச்சு வேகமாக வாங்கியது. வாயும் திறந்தபடியே இருந்தது. பயந்துபோய் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "மயக்கம் தெளிகிறது, அப்படித்தான் இருக்கும், காலையில் கொண்டு வாருங்கள்" என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு என் மடியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் மருத்துவர், "இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கும், அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது" என்று முடித்துவிட்டார். அன்றே புதைத்துவிட்டோம். மூன்று மாதமாகிறது. ஊசி ஏற்றுவதற்காக முன்காலில் சதுரமாக மழித்திருந்த இடம் கண்ணை விட்டு அகலவில்லை. என் கணவர், "ஒரு பூனைக்காக எத்தனை நாள் இப்படி இருப்பாய்?" என்கிறார். அது மருத்துவர்களின் அலட்சியத்தால்தான் இறந்ததா? அந்த மருத்துவரின் பெயரைப் போட்டு ஊருக்கே தெரியும்படி எழுதிவிடலாமா? காலை வரை காத்திருந்த என்னை நானே எப்படி மன்னிப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் "பதினொரு மணி" என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது, சகோதரி. மருத்துவரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அதில் பாதிகூட இல்லை. மூன்று கேள்விகளில் கடைசியாகக் கேட்டதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதல் கேள்விக்கு ஓரளவாவது பதில் தெரியாமல் மூன்றாவதைத் தொட முடியாது என்பதால், வரிசைப்படியே வருகிறேன்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்லவும் மாட்டேன். நடந்தவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்க்க உதவ முடியும். அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: மயக்கம் கொடுத்தது, இரத்தப் பரிசோதனை செய்யாதது, இரவில் கிடைத்த பதில்.

முதலாவது, மயக்கம். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மயக்கம் கொடுக்கப்பட்ட பூனைகளில் சுமார் 0.24 சதவீதம், அதாவது ஏறத்தாழ 420 பூனைகளுக்கு ஒன்று, இரண்டு நாட்களுக்குள் இறந்தது தெரியவந்தது. நோயற்றவை என்று கருதப்பட்ட பூனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுமார் 900க்கு ஒன்று. இறந்த பூனைகளில் பத்தில் ஆறு, சிகிச்சை மேசையில் இறக்கவில்லை. அதற்குப் பிறகு, பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்துக்குள் இறந்தன. எல்லாம் முறையாகச் செய்யப்பட்டும் சில உயிர்கள் போகின்றன என்பதையும், சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதையும் இந்தக் கணக்கு சேர்த்தே சொல்கிறது. ஆகவே மயக்கத்துக்குப் பின் இறந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகிவிடாது.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. நீங்கள் கேட்டும் செய்யவில்லை என்பது நியாயமான மனக்குறைதான். ஆனால் மருத்துவர் சொல்லும் காரணத்தோடு அதை ஒட்டிப் பார்க்க வேண்டும். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகவும் பரவலானது, இதயத் தசை தடித்துப்போகும் நோய். ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பூனைக்குள்ளும் அது வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலும் மாறுபட்ட ஓசை எதுவும் கேட்காமல் போகலாம். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். அப்படிப்பட்ட இதயத்துக்கு மயக்கமும், பயமும், நரம்பு வழியே ஏற்றும் திரவமும் சேர்ந்து பாரமாகி, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. எனவே மருத்துவர் சொன்ன விளக்கம் சாக்குப்போக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உடற்கூறாய்வு செய்யாத நிலையில் அதை இனி முழுமையாக நிரூபிக்கவோ மறுக்கவோ வழியில்லை. இதைச் சொல்வது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மாதமாக நீங்கள் மோதிக்கொண்டிருக்கும் கதவு எது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சாதாரண விஷயமல்ல. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது போன்றதல்ல அது. ஓய்வாகப் படுத்திருக்கும் பூனை அப்படி மூச்சுவிட்டால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை மயக்கம் கொடுக்கப்பட்ட பூனைக்கு இரவில் அப்படி ஆகிறது என்று கேட்டவர் மருத்துவரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும், அல்லது இரவில் திறந்திருக்கும் வேறொரு மருத்துவமனைக்கு உடனே போகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டால், உங்கள் புகாரின் வலுவான பகுதி இந்தத் தொலைபேசி உரையாடல்தான். உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அலட்சியம் என்று முடிவு செய்ய, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதோடு, அதனால்தான் உயிர் போனது என்பதையும் காட்ட வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் எதிர்பார்க்கிறது. பல வழக்குகள் இரண்டாவது படியில்தான் தடுக்கி விழுகின்றன.

படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேனே என்கிறீர்கள். இயல்பாக வரக்கூடிய ஆபத்துகளைத் தெரிந்துகொண்டேன் என்பதற்கான கையெழுத்துதான் அது. கவனக்குறைவாக நடந்துகொள்ள யாருக்கும் அது அனுமதி தருவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முழு சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். மயக்க மருந்துகளின் பெயர், பூனையின் எடை, எடைக்கேற்ற அளவு, கொடுத்த நேரம், மயக்கத்தின்போது குறித்துவைத்த இதயத்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம், எவ்வளவு திரவம் ஏற்றப்பட்டது, தெளியும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் எழுதப்படாமல் இருந்தால், அந்த வெற்றிடமும் ஒரு தகவல்தான். உங்கள் போனில் அந்த இரவின் அழைப்பு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பது பதிவாகியிருக்கும். அது அழிவதற்குள் படமெடுத்து வையுங்கள். இவற்றைத் தொடர்பில்லாத வேறொரு கால்நடை மருத்துவரிடம் காட்டி, "இந்த நிலையில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். "அவர் செய்தது தவறுதானே?" என்று கேட்டால் தொழில்முறைத் தயக்கத்தில் வாயை மூடிக்கொள்வார்கள், முதல் கேள்விக்குத்தான் மனம் திறந்து பேசுவார்கள்.

அதன் பிறகு அந்த மருத்துவமனைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்விகளாக எழுதுங்கள்: அன்றிரவு போன் எடுத்தவர் யார், மூச்சுத் திணறல் என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா, என் அழைப்பு மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டதா? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதிலும், இனி அப்படி நடக்காமல் இருக்கச் செய்த மாற்றமும் கிடைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பதில் வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால், மருத்துவர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். அத்தகைய அமைப்புகள் பொதுவாக மருத்துவரின் நடத்தையையும் தகுதியையும்தான் விசாரிக்கும். இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்ற வழியில்தான் போக வேண்டியிருக்கும். எங்கே போனாலும் கால வரம்பு இருக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போடாமல் விசாரியுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல நாடுகளின் சட்டத்தில் வளர்ப்பு விலங்கு இன்னமும் ஒரு சொத்தாகவே கருதப்படுகிறது. ஆறு வருடம் உங்கள் தலையணைப் பக்கத்தில் படுத்திருந்த உயிருக்கு ஒரு நாற்காலிக்குப் போடுவதைப் போல மதிப்புப் போடுவதைக் காதால் கேட்க நேரிடும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போனால் காயம் சற்றுக் குறையும்.

பெயரைப் போட்டு ஊரறிய எழுதுவதை இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்களுக்குத் தெரிந்த உண்மைகளும், நீங்கள் ஊகிப்பவையும் இன்னும் பிரியாமல் கலந்தே கிடக்கின்றன. "கொன்றுவிட்டார்" என்ற ஒரு சொல் அவதூறு வழக்காகத் திரும்பி, நியாயம் கேட்க வந்த நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்க நேரிடலாம். பதிவுகள் கைக்கு வந்த பிறகும் எழுத வேண்டும் என்று தோன்றினால், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் நேரத்தோடு எழுதுங்கள். தீர்ப்பைப் படிப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஏதாவது சமரசத் தொகை கொடுத்து, இதைப் பற்றி இனி எங்கும் பேசக்கூடாது என்று ஒரு தாளை நீட்டினால், இந்த முறையாவது ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது பதினொரு மணிக்கு வருகிறேன்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அன்று காலை முதல் மறுநாள் காலை வரை நடந்தவற்றை மணிக் கணக்கில் எழுதுங்கள். புகாருக்கும் இது தேவைப்படும்; மூன்று மாதத்திலேயே நினைவு சில இடங்களில் மாறியிருக்கும். வலது பக்கம், அந்தந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். பதினொரு மணிக்கு நேரே என்ன வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியும்: "மூச்சு சரியில்லை என்று தோன்றியது. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள்." அவ்வளவுதான் அந்தக் கட்டத்தில் இருக்க முடியும். "மூன்று மணிக்கு இறந்துவிடும்" என்ற வரியை அங்கே எழுத முடியாது, ஏனென்றால் அது மூன்று மணிக்குத்தான் உங்களுக்குத் தெரிந்தது.

நடந்து முடிந்த ஒன்றின் முடிவைத் தெரிந்துகொண்ட மனிதர், அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று உண்மையாகவே நம்பத் தொடங்குகிறார் என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975இல் சோதனைகள் மூலம் காட்டினார். முடிவை மறந்துவிட்டு யோசிக்கும்படி கேட்டுக்கொண்டபோதும் சோதனையில் கலந்துகொண்டவர்களால் அப்படி யோசிக்க முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு இருந்த பெண், இரவு பதினொரு மணிக்கு இருந்த பெண்ணை விசாரிக்கிறாள். அவள் கையில் இருக்கும் சாட்சியம் இவள் கையில் இல்லை. நீங்கள் தூங்கப் போய்விடவில்லை, சந்தேகப்பட்டீர்கள், கேட்டீர்கள். பதில் சொன்னவரை நம்பினீர்கள். நம்பிக்கை வீணாகப் போனதற்காக வருந்துங்கள், வருத்தம் நியாயமானது. அதைக் குற்றம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கடிதத்தில் மயக்க மருந்து, படிவம், போன், மண் என எல்லாம் இருக்கிறது. அந்தப் பூனையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உயிரோடு இருந்த ஆறு வருடத்தை அந்தப் பதினெட்டு மணி நேரம் விழுங்கிவிட்டது. கோபத்துக்கு இப்படி ஒரு வேலை உண்டு: அது நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும், தொடர்ந்து ஏதாவது செய்யச் சொல்லும், அழுவதை நாளைக்குத் தள்ளிப்போடும். விசாரணை முடியட்டும், பிறகு அழுதுகொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். விசாரணை இரண்டு வருடம்கூட இழுக்கலாம், முடிவில்லாமலும் போகலாம். புகார் வேலைக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தக் கோப்பை மற்ற நாட்களில் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மற்ற நாட்களில் பூனையைப் பற்றிப் பேசுங்கள். எங்கே ஒளியும், எந்தச் சத்தத்துக்கு ஓடிவரும், யாரைக் கண்டால் பிடிக்காது என்று. சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்து வைக்க மனம் வரவில்லை என்றால் வைக்க வேண்டாம். அதற்கு ஒரு கெடு கிடையாது.

உங்கள் கணவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள், விடுப்பு கிடைக்கும். பூனை இறந்தால் அழுவதற்கே காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஊர் அங்கீகரிக்காத துக்கத்தைத் தனியாகவே பெயரிட்டு ஆராய்ந்தவர் கென்னத் டோக்கா. 1989இல் அவர் எழுதியவற்றில் வளர்ப்பு விலங்குகளின் இழப்பும் அடக்கம். உங்கள் கணவர் கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்களை இந்த நிலையில் பார்க்கத் தாங்காமலும் அப்படிப் பேசியிருக்கலாம். "என்னைச் சரிசெய்ய வேண்டாம், பத்து நிமிடம் கேட்டால் போதும்" என்று நேராகவே சொல்லிப் பாருங்கள். தூக்கமின்மை இன்னும் தொடர்ந்தாலோ, சாப்பாடு, வேலை எதிலும் மனம் ஒட்டாவிட்டாலோ ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் நாய் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தது. நாங்கள் வீட்டில் கோபமாகப் பேசியதைக் கேட்டிருந்த எங்கள் ஏழு வயது மகன், இப்போது தனக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் வர மறுக்கிறான். "டாக்டர் ஊசி போட்டால் செத்துப்போவேன்" என்று அழுகிறான். என்ன செய்வது?
— ஒரு தந்தை

பதில்: அவன் கேட்டதிலிருந்து அவன் கட்டிய முடிவு அவன் வயதுக்குச் சரியானதுதான். "டாக்டர் கொன்றுவிட்டார்" என்று பெரியவர்கள் சொன்னால், எந்த டாக்டர், எந்தச் சூழ்நிலை என்று அவன் பிரித்துப் பார்க்க மாட்டான். "நாயை ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள், பிறகு அது எழவில்லை" என்ற சொற்றொடர் வீட்டில் புழங்கியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். குழந்தைகளுக்குத் தூக்கத்தின் மேலேயே பயம் வந்துவிடும்.

அவனிடம் உண்மையை, சிறிய வாக்கியங்களில் சொல்லுங்கள். நாய் இறந்துவிட்டது, அதன் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்பி வராது. அதற்கு வயிற்றில் பெரிய கோளாறு இருந்ததோ வேறெதுவோ, நீங்கள் உறுதியாக அறிந்ததைச் சொல்லுங்கள். "அங்கே ஏதாவது தவறு நடந்ததா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் தெரியவில்லை" என்று சொல்வதிலும் தவறில்லை. தெரியாததைத் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வதைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே தாங்குவார்கள். அவன் ஏதோ செய்ததால் நாய் இறந்ததா என்று அவன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: அவன் கதவைத் திறந்துவிட்டதாலோ, அன்று அதனிடம் கோபப்பட்டதாலோ இது நடக்கவில்லை. ஏழு வயதில் இந்தச் சந்தேகம் பலருக்கு வரும், வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு.

டாக்டர் பயத்துக்கு, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் அவனுடைய வழக்கமான மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். ஊசி கிடையாது என்று முன்பே சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவர் ஸ்டெதஸ்கோப்பை அவன் கையிலேயே கொடுத்து உங்கள் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொல்லலாம். அன்று அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வீட்டில் மருத்துவமனையைப் பற்றி நீங்களும் உங்கள் மனைவியும் பேச வேண்டியதை அவன் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.